தேர்க்கட்டை மானியம்

காஞ்சிபுரம்,
6-7-1969

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தில் 'ஆகவே' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். நீ 'அதனால' என்றுதான் எழுதுவாய். காலேஜில் படிக்கும்போதும் அப்படித்தான், வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான். இந்தத் தடவை, "ஆகவே அம்மாவின் மூட்டுவலிக்கு மருத்துவரை அணுகுவது அவசியமாகிறது" என்று இருக்கிறது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "யாருடி எழுதினது, தாசில்தாரா?" என்று கேட்டாள். அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நீ எழுதிய மாதிரி இருந்தது. ஹாஸ்டலில் உன் கடிதங்களை யாராவது பிரித்துப் பார்க்கிறார்களா? அப்படி இருந்தால் அடுத்த கடிதத்தில் அம்மா கேட்ட ஊறுகாயைப் பற்றி ஒரு வரி எழுது. அம்மா ஊறுகாய் எதுவும் கேட்கவில்லை. நான் புரிந்துகொள்வேன்.

கடைசியில், சம்பந்தமே இல்லாமல், மாமா ஊர்த் தேர் எந்த வருஷம் நின்றது என்று கேட்டிருக்கிறாய். மாமாவிடம் யாராவது தேரைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகம் மாறிவிடும் என்று உனக்குத் தெரியாதா? அவருடைய நிலம், தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுவதற்காக அவர் தாத்தாவின் தாத்தாவுக்குக் கோயிலில் கொடுத்த மானிய நிலம். தேர் அச்சு முறிந்து கொட்டகையில் நிற்கிறது. கட்டை போடும் வேலை இல்லை. நிலம் மட்டும் இருக்கிறது. மானிய நிலங்களுக்குப் பட்டா விசாரணை நடக்கிற சமயம் வேறு. "வேலை நின்னு போச்சுன்னு எவனாவது வாயத் தொறந்தா நெலம் கோயிலுக்குப் போயிடும்" என்று மாமா வரும்போதெல்லாம் அப்பாவிடம் சொல்லிக்கொண்டு இருக்கிறார்.

அதனால் (நான் இப்படித்தான் எழுதுவேன்) வருஷத்தை நான் எழுதவில்லை. யார் கேட்கச் சொன்னார்கள் என்று முதலில் சொல்.

நான் பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் அக்காவின் தறிக்குத் தார் சுற்றித் தருகிறேன். வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
கமலவேணி

சென்னை,
11-7-1969

என் கமலாவுக்கு,

ஊறுகாயைப் பற்றி எழுத மாட்டேன். என் கடிதத்தை யாரும் பிரிப்பதில்லை. எட்டாவதோடு நின்றவள் நீ. ஆனால் போலீஸ் உத்தியோகத்துக்கு உன்னைத்தான் எடுக்க வேண்டும்.

'ஆகவே' எப்படி வந்தது என்று சொல்கிறேன். டில்லியில் பல்கலைக்கழக மானியக் குழு என்று ஒன்று இருக்கிறது. கல்லூரி ஆசிரியர்கள் ஆராய்ச்சி செய்யப் பணம் தருவார்கள். மனு எழுதிக் கேட்க வேண்டும். எங்களைப் போலப் புதிதாக வந்தவர்களுக்கு அப்படி எழுதத் தெரியாது. போன வருஷம் எங்கள் கல்லூரியிலிருந்து போனவை எல்லாம் திரும்பி வந்துவிட்டன. இந்த வருஷம் எங்கள் துறைத் தலைவி ரமாமணி மேடம், புதன்கிழமை சாயங்காலங்களில் எங்கள் ஆறு பேரையும் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார். நாள் முழுக்க அதே நடையில் எழுதி எழுதி, உனக்கு எழுதும்போதும் அது கையோடு வந்துவிட்டது.

முதல் வாரம் நான் ஒரு பக்கம் முழுக்கப் பல்லவர் பெருமையை எழுதிக்கொண்டு போனேன். "பல்லவாளுக்கா பணம் கேக்கறே? உனக்குத்தானே? நீ என்ன பண்ணப் போறேன்னு முதல் வரியில சொல்லு" என்று மொத்தத்தையும் அடித்துவிட்டார். "டில்லியில ஒருத்தர் கட்டுக் கட்டா மனு படிப்பார். உன்னோடது சாப்பாடு ஆனப்புறம் அவர் கைக்கு வரும். அவரைத் தூங்க விடாதே" என்றார். பணத்தைக் குறைத்துக் கேட்டவளையும் விடவில்லை. "குறைச்சுக் கேட்டா நல்ல பொண்ணுன்னு நெனைக்க மாட்டா. வேலையே தெரியாதுன்னு நெனைப்பா."

பிறகு ஒவ்வொருவரிடமும், "உன்னைத் தவிர வேற யாராலயும் பண்ண முடியாதது எது?" என்று கேட்டார். வாய் தவறி மாமாவின் கட்டையைப் பற்றிச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதுதாண்டி உன் மனு" என்றார். ஒரு வேலைக்காகக் கொடுத்த நிலம், அந்த வேலையே நின்றுபோன பிறகு யாருடையது? இதுதான் என் ஆராய்ச்சிக் கேள்வி. கேட்கவே நன்றாக இல்லை?

என் வேலை தற்காலிகம் என்று உனக்குத் தெரியும். இந்தப் பணம் வந்தால் இன்னும் சில வருஷங்களுக்கு என்னை யாரும் அனுப்ப முடியாது. அம்மா எனக்குப் பார்த்து வைத்திருக்கும் அரிசி மண்டிக்காரரும் காத்திருந்து அலுத்துப்போவார்.

27-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மேடம் மாமா ஊர் ஆலந்தாங்கலைப் பார்க்க வருகிறார். நானும் வருகிறேன். நீயும் மாமா ஊருக்கு எங்களோடு வர வேண்டும். கதவுக்குப் பின்னால் நிற்கக் கூடாது.

பிரியமுள்ள அக்கா,
தேவகி

காஞ்சிபுரம்,
29-7-1969

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் பஸ் ஏறிய பிறகு எழுத வேண்டும் என்று நினைத்ததை இப்போது எழுதுகிறேன். நேரில் சொல்ல நினைத்தேன். அந்த அம்மாள் உன் பக்கத்தை விட்டு நகரவே இல்லை.

அவர் நல்ல மாதிரி இல்லை என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டில் காபி குடித்தார், அம்மாவின் முழங்காலைத் தொட்டுப் பார்த்து நல்லெண்ணெய் தடவச் சொன்னார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஆலந்தாங்கலில் நீ அத்தையோடு உள்ளே மோர் குடித்துக்கொண்டிருந்தபோது தேர்க் கொட்டகையில் நடந்தது உனக்குத் தெரியாது. நான் தேர் வடத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"இந்தக் கட்டை என்ன மரம்?" என்று கேட்டார்.

"இலுப்பம்மா" என்றார் மாமா. மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். எப்படிக் கட்டையைச் சாய்த்துப் போட்டால் சக்கரம் திரும்பும் என்று குனிந்து செய்தும் காட்டினார். கை போகாமல் தப்பித்த கதையைச் சொன்னார்.

"உங்க நிலம் எங்கே இருக்கு?"

"தோ, அந்தப் பனைக்கி அந்தாண்ட."

"கிழக்கே எது எல்லை?"

"ஏரி மதகு."

"தெற்கே?"

"நந்தவனத்து வேலிமா."

"மேற்கே?"

மாமா நிமிர்ந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இதெல்லாம் இன்னாத்துக்கும்மா?" என்றார். அவர், "சும்மாத்தான்" என்று சிரித்தார்.

அக்கா, நிலத்தின் நான்கு எல்லையை யாரும் சும்மா கேட்பதில்லை. வாங்குகிறவன் கேட்பான், விற்கிறவன் கேட்பான், கோர்ட்டில் கேட்பார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "சின்னக் காஞ்சிபுரத்துல வக்கீல் ஸௌந்தரராஜன் கீறாரே, கோயில் நெலத்து கேஸெல்லாம் அவருதாம்மா பாக்குறாரு. அவரு தங்கச்சி ஒண்ணு பட்ணத்துல காலேஜுல கீதுன்னு கேள்விப்பட்டுக்கிறேன். அதுவா இது?" என்றார்.

அதுவேதான். பெயரை விசாரித்துவிட்டேன்.

இனி நீ யோசித்துப் பார். அவ்வளவு பெரிய வேலையில் இருப்பவர் ஆறு பெண்களுக்கு எதற்கு ஓசியில் சொல்லித் தர வேண்டும்? ஊரில் எவ்வளவோ கதை இருக்க, நம் மாமாவின் கட்டையைக் கேட்டதும் ஏன் பேனாவைக் கீழே வைத்தார்?

கோபித்துக்கொள்ளாதே. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

உன் கமலவேணி

சென்னை,
4-8-1969

கமலாவுக்கு,

கோபம்தான். மறைப்பானேன்.

அவர் அண்ணன் வக்கீல் என்று எனக்குத் தெரியும். அதனால் என்ன? உலகத்தில் எல்லோரும் நிலம் அளந்துகொண்டு திரிவதில்லை. எனக்குத் தெரியாததைச் சொல்லித் தருகிற ஒரே ஆள் அவர். எங்கள் ஆறு பேரில் மற்றவர்களுக்கு மனு எழுதித் தர அப்பா இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார். ஒருத்தியின் மாமனாரே டில்லியில் இருக்கிறார். நம் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறார். நான் அதற்காக வெட்கப்படவில்லை. ஆனால் என் பக்கத்தில் யாரும் இல்லை என்பதை நீயாவது புரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு ஓர் உதவி செய். மனுவோடு, 'முன்னதாகத் திரட்டிய செய்திகள்' என்று ஒரு பகுதி சேர்க்க வேண்டும். வெறுங்கையோடு கேட்டால் தர மாட்டார்கள். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலந்தாங்கலுக்குப் போய், வயதானவர்கள் இருக்கும் இரண்டு வீட்டில் தேர் எப்போது நின்றது, கட்டை மானியத்தைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேள். மாமாவிடம் மேற்கு எல்லையும் வடக்கு எல்லையும் கேள்.

உனக்குக் கூச்சம் என்று தெரியும். நீ பேச வேண்டியது ஒரே வாக்கியம். "எங்கக்கா மானியத்துக்கு மனு போட்டிருக்காங்க, அதுக்குக் கொஞ்சம் விவரம் வேணும்." இதைச் சொல்லிவிட்டுச் சும்மா நின்றால் போதும். மிச்சத்தை அவர்களே பேசுவார்கள். செப்டம்பர் 30-ஆம் தேதிக்குள் மனு தபாலில் போக வேண்டும்.

நீ செய்வாய் என்று நம்பும்,
அக்கா

காஞ்சிபுரம்,
20-8-1969

அக்காவுக்கு,

நீ சொன்னபடி செய்தேன். அதனால் வந்ததைக் கேள்.

பஸ்ஸில் போகும்போதே உன் வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். முதலில் செல்லியம்மாள் வீட்டுக்குப் போனேன். கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், "எங்கக்கா மானியத்துக்கு மனு போட்டிருக்காங்க, அதுக்குக் கொஞ்சம் விவரம் வேணும்."

முறம் நின்றது. "எந்த மானியத்துக்கு?"

எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதையே மறுபடியும் சொன்னேன்.

"மனுவே போட்டாச்சா?" என்றாள். "படிச்ச பொண்ணு, கெட்டிக்காரிதான்."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. நான் இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டு மாமா வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. அங்கம்மாள் அத்தை வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. "உங்க மாமா வெளிய போயிக்கிறாரு" என்றாள். மாமாவின் செருப்பு வாசலில் கிடந்தது.

மறுநாள் காலையில் மாமா கடைக்கு வந்தார். நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன்.

"மாப்ளே! உம் பொண்ணக் காலேஜுல சேக்க நான்தான்யா பட்ணத்துக்குக் கூட்டிக்கினு போனேன். பொட்டியக்கூட நான்தான் தூக்கினேன். இப்ப அது எங்க நெலத்துக்கே மனு போடுதா?"

"இன்னா மச்சான் சொல்ற? அது வேற மானியம்பா. டில்லில குடுக்குறது."

"டில்லி வரிக்கும் பூட்டாளா!"

"அய்யோ, நெலம் இல்ல மச்சான். காசு. ஆராய்ச்சிக்கு."

"கட்ட மானியத்தப் பத்தி வெவரம் கேட்டுக்கினு ஊடு ஊடாப் போயிருக்குது உன் சின்னப் பொண்ணு. மொதல்ல ஒரு ஐயமாரு அம்மாவக் கூட்டியாந்து எல்லை கேட்டாங்க. இப்ப மனுவே போட்டாச்சுன்றாங்க. நான் இன்னா கொழந்தையா? சரி, நாளைக்கே தேரு ஓடுதுன்னு வையி, உம் பொண்ணு வந்து சக்கரத்துக்குக் கட்ட போடுவாளா? சேலைய வரிஞ்சு கட்டிக்கினு வருவாளா? கேட்டு எழுது!"

சைக்கிள் விட வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் சிரித்தும் விட்டார். மாமா குரல் கேட்டு அம்மா வீட்டில் இலையைப் போட்டுவிட்டு வந்து, "அண்ணா, வெயில்ல வந்துக்கிற, வா, ஒரு வாய் சாப்டு" என்று கையைப் பிடித்தாள். மாமா கையை உருவிக்கொண்டார். "இனி உன் ஊட்ல பச்சத் தண்ணி குடிச்சேன்னா கேளு" என்று சொல்லிவிட்டு, அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அம்மா அழவில்லை. அவருக்காகப் போட்ட இலையை எடுத்துத் தெருவில் இருந்த மாட்டுக்கு வைத்தாள். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை.

மானியம் என்றால் நம் பக்கத்தில் நிலம். வேறு எதையும் நம் பக்கத்தில் அப்படிச் சொல்வதில்லை. எனக்கே அந்த வாசலில் நிற்கும்போது உறைக்கவில்லை, திரும்பி வரும் பஸ்ஸில்தான் உறைத்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த வாக்கியம் நீ யோசித்ததா, அவர் சொல்லிக்கொடுத்ததா? இப்படி ஆகட்டும் என்றே அவர் சொல்லிக்கொடுத்திருந்தால்?

அந்த நிலத்தை விட்டால் மாமாவுக்கு வேறு நிலம் இல்லை. இதை மறக்காதே.

கமலவேணி

சென்னை,
25-8-1969

கமலாவுக்கு,

வாக்கியம் என்னுடையதுதான். மேடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இங்கே காலையிலிருந்து மானியம், மானியம் என்றே பேசுகிறோம். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு ஞாபகமே வரவில்லை. ஆலந்தாங்கல் மானியத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு!

ஆனாலும் செல்லியம்மாள் கேட்டபோது நீ ஒரு வார்த்தை விளக்கியிருக்கலாம். மறுபடியும் அதையே சொல்லாமல் இருந்திருக்கலாம். சரி, போகட்டும். மாமாவுக்கு நானே எழுதுகிறேன். அவர் கோபம் என்மேல்தான், உன்மேல் இல்லை.

அதனால் ஒன்று சொல்கிறேன். கொஞ்ச நாள் கழித்து, அவர் தணிந்த பிறகு, அந்த மேற்கு எல்லையையும் வடக்கு எல்லையையும் மட்டும் எப்படியாவது கேட்டு எழுது. மற்றவை வேண்டாம்.

அம்மாவிடம் நான் தீபாவளிக்கு வந்து எல்லாவற்றையும் சரிசெய்வேன் என்று சொல்.

அக்கா

காஞ்சிபுரம்,
22-9-1969

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை. எழுத ஒன்றும் இல்லை. மாமா வரவில்லை. உன் கடிதத்தை அவர் பிரிக்காமல் வைத்திருக்கிறாராம். அம்மா கோயிலுக்குப் போகும் சாக்கில் இரண்டு தடவை ஆலந்தாங்கல் பஸ் நிற்கும் இடம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

இப்போது எழுத ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை உன் மேடம் கடைக்கு வந்தார்.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வரதரைச் சேவிக்க அண்ணன் வீட்டுக்கு வருவாராம். சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து ரிக்ஷாவில் வந்து இறங்கினார். அப்பா டியூப் வாங்கப் போயிருந்தார். நான் தொங்கவிட்ட டயர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"கமலவேணிதானே? மறைஞ்சுண்டா ஆச்சா, தாவணி தெரியறதே" என்றார்.

வெளியே வந்தேன்.

"உங்க மாமாக்கு ரொம்பக் கோபமாமே. தேவகி சொன்னா. அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கணும்னுதான் வந்தேன். கேட்டா ஒத்துப்பாரா?"

நான் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

"அன்னிக்கு எல்லை கேட்டது என் தப்பு. கல்வெட்டாப் படிச்சுப் படிச்சு, நிலம்னு சொன்னாலே கிழக்கே எது, தெற்கே எதுன்னு நாக்கு தானா கேட்டுடும். அவர் முகம் மாறினப்புறம்தான் எனக்கே உறைச்சுது. திரும்பிப் போறச்சே பஸ்லயே தேவகிகிட்ட சொல்லிட்டேன், மாமா பேரு, ஊர் பேரு, எல்லை, எதுவும் மனுவுல வரப்படாதுன்னு. எங்கண்ணா கோயிலுக்கு வக்கீல். நாளைக்கு இது அச்சுல வந்து அவர் கையில கிடைச்சா, கட்டை போடலேன்னு குடும்பத்துப் பொண்ணே எழுதியிருக்கான்னு எடுத்துக் காட்டுவார். அவர் வேலை அது. தங்கைன்னெல்லாம் பார்க்க மாட்டார்."

"அக்கா..." என்று மட்டும் வந்தது எனக்கு.

"எல்லாத்தையும் எடுத்துட்டா. நான் படிச்சுப் பார்த்தாச்சு. ஒரு கிராமம், ஒரு குடும்பம்னுதான் இருக்கு. நன்னா எழுதியிருக்கா. கட்டாயம் கிடைக்கும். 29-ஆம் தேதி நான் கையெழுத்துப் போட்டா போயிடும். உங்க மாமாகிட்ட பயப்பட வேண்டாம்னு சொல்லு."

போய்விட்டார்.

அக்கா, அவர் பொய் சொல்கிறாரோ என்று முதலில் நினைத்தேன். பொய்யாகவே இருக்கட்டும் என்றும் நினைத்தேன். ஏனென்றால் அவர் அதைச் சொன்னது ஜூலை மாதம். நீ என்னை ஆலந்தாங்கலுக்கு அனுப்பியது ஆகஸ்டில். சண்டை நடந்த பிறகும் அந்த இரண்டு எல்லையை மட்டும் கேட்டு எழுதச் சொன்னாய். மனுவில் வராத எல்லை உனக்கு எதற்கு?

இத்தனை நாள் அவரை நம்பாதே, அவரை நம்பாதே என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது யாரைப் பற்றி யாருக்கு எழுதுவது?

உடனே பதில் போடு. ஒரு கார்டு போதும்.

கமலவேணி

சென்னை,
24-9-1969

என் கமலாவுக்கு,

கார்டில் எழுதுகிற விஷயம் இல்லை.

ஆமாம். அவர் சொன்னது நிஜம். நான் எடுத்துவிட்டேன் என்று சொன்னதும் நிஜம். ஆனால் தனியாக ஒரு பக்கம் டைப் அடித்து வைத்திருக்கிறேன். ஊர், மாமாவின் பெயர், நிலம், தேர் நின்ற விஷயம். நான்கு எல்லையும் சேர்ந்தால் அது முழுசாகும். அவர் கையெழுத்துப் போட்ட பிறகு மனுவின் பின்னால் இணைப்பாக வைத்து அனுப்பிவிடுவேன்.

என்னைப் பற்றி மோசமாக நினைப்பதற்கு முன்னால் கொஞ்சம் கேள். பெயர் இல்லாத ஊர், பெயர் இல்லாத குடும்பம் என்றால் டில்லியில் யார் நம்புவார்கள்? கதை கட்டுகிறாள் என்பார்கள். மேடம் எழுதினால் நம்புவார்கள், அவருக்குப் பெயர் இருக்கிறது. நான் யார்? உன்னைத் தவிர யாரால் முடியாது என்று கேட்டவரும் அவர்தான். கடைசியில் அந்த ஒன்றை எடுத்துவிடு என்பவரும் அவர்தான். எடுத்துவிட்டால் என் மனுவில் என்ன மிச்சம்?

டில்லியில் ஒரு பீரோவில் கிடக்கப்போகிற காகிதம் ஆலந்தாங்கலுக்கு எப்படி வரும்? நீயே சொல். மேடம் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார். இந்தப் பணம் வரவில்லை என்றால் மார்ச்சில் என்னை அனுப்பிவிடுவார்கள். பெட்டியோடு வந்து நம் வீட்டில் இறங்க வேண்டும். பிறகு அரிசி மண்டிதான். உனக்கு அது புரியும். நீ எட்டாவதோடு நின்றபோது உன்னை யாரும் கேட்கவில்லை. என்னையும் கேட்க மாட்டார்கள்.

மேற்கும் வடக்கும் எழுதி அனுப்பு. திங்கட்கிழமைக்குள் கிடைக்க வேண்டும். 'தகவல் தந்தவர்' என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே உன் பெயரைப் போடுகிறேன். செல்வி கமலவேணி, காஞ்சிபுரம். டில்லியில் உன் பெயர் இருக்கும், நினைத்துப் பார்.

இதை வீட்டில் யாருக்கும் காட்டாதே. நீ என் கமலா இல்லையா?

உன் அக்கா,
தேவகி

காஞ்சிபுரம்,
28-9-1969

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. யாருக்கும் காட்டவில்லை.

மேற்கே புளியந்தோப்பு வாய்க்கால். வடக்கே மாட்டுவண்டிப் பாதை. மாமாவைக் கேட்டுத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கோடை லீவில் நாம் இருவரும் அந்த வாய்க்காலில்தான் குளித்தோம். அந்தப் பாதையில்தான் நீ விழுந்து முட்டியில் தழும்பு ஆனது. உனக்கும் தெரியும். உனக்குத் தெரிந்ததை என்னிடம் ஏன் கேட்டாய் என்று இரண்டு நாளாக யோசித்தேன். தகவல் தந்தவர் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கக் கூடாது என்றுதான் கேட்டிருக்கிறாய். வேறு மாதிரி நினைக்க முயற்சி செய்தேன், முடியவில்லை.

உனக்கு வேலை போகக் கூடாது. நீ பெட்டியோடு இங்கே வந்து இறங்கக் கூடாது. அதை நான் சாமியிடம் கேட்கிறேன், நிஜமாகவே கேட்கிறேன். பெயர் இல்லாமலே உன் மனு நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னார். அவர் சொன்னால் இருக்கும்.

மாமாவைப் பார்த்துச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் இந்த ஜென்மத்தில் உன் முகத்தில் விழிக்க மாட்டார். அம்மாவும் அவரை இழந்துவிடுவாள். அப்பாவிடம் சொன்னால் அப்பா உனக்கு எழுதுவார், நீ அப்பாவைச் சமாதானப்படுத்திவிடுவாய். உனக்கே எழுதலாம் என்றால், நீ கேட்க மாட்டாய் என்று உன் கடிதமே சொல்கிறது.

நேற்று சனிக்கிழமை. அம்மாவிடம் வரதர் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுச் சின்னக் காஞ்சிபுரத்துக்கு நடந்தே போனேன். வக்கீல் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். கூடத்தில் வக்கீல் ஸௌந்தரராஜனே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "யாரும்மா? உள்ளே வா" என்றார். நான் உள்ளே போகவில்லை. மேடத்தை வெளியே வரச் சொல்லுங்கள், தெருவில் வைத்துத்தான் பேச வேண்டும் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கிற அளவுக்குச் சொன்னேன்.

மேடம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். தெருமுனை வரை கூட்டிக்கொண்டு போய், நீ தனியாக டைப் அடித்து வைத்திருக்கும் அந்தப் பக்கத்தைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டேன்.

கமலவேணி